மாடியில் தொலைநோக்கி, கையில் திசைகாட்டி: முள் எங்கெல்லாம் ஏமாற்றும்?

தொலைநோக்கியின் சுழல் அச்சை வடக்குக்கு நிறுத்தத் துருவ நட்சத்திரம் இருக்கும்போது காம்பஸ் (திசைகாட்டி) எதற்கு என்று கேட்கலாம். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் அங்கே நிற்கும். பொள்ளாச்சியில் 10.7, கோவையில் 11, ஈரோட்டில் 11.3. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த முஷ்டியின் உயரம்தான் அது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போதும், மறைத்துவிடும். தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு) என்றால் தென்னை மறைக்கும். ஒன்றும் மறைக்காத இடத்திலும் அடிவானப் புழுதியிலும் ஊர் வெளிச்சத்திலும் கரைந்து போயிருக்கும். ஆகவே கொங்கு நாட்டில் தொலைநோக்கி வைத்திருப்பவருக்குக் காம்பஸ் தேவையான சாமான்தான்.

ஆனால் அதனிடம் எதிர்பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: நல்ல பேஸ்பிளேட் காம்பஸை (தட்டையான பிளாஸ்டிக் தட்டில் பொருத்தியது) கையில் பிடித்துக் கவனமாகப் பார்த்தால் 2, 3 டிகிரிக்குள் திசை சொல்லும். வெளிநாட்டுக் கையேடுகள் காந்த ஒதுக்கத்தை, அதாவது முள் காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசத்தை, பற்றியே பக்கம் பக்கமாக எச்சரிக்கும். நம் பக்கத்தில் அந்த ஒதுக்கம் மேற்கே 2 டிகிரிக்கும் குறைவு. இங்கே வரும் பெரும்பிழை எல்லாம் இரும்பால் வருவது. அதனால் கோளாறு தேடும்போது முதலில் முள், அடுத்து இடம், கடைசியில் கணக்கு என்ற வரிசையில் போங்கள்.

முள் நலமா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். காம்பஸை மட்டமாக ஒரு மரப்பலகையில் வையுங்கள். ஒரு ஸ்குரூடிரைவரைக் கிட்டே கொண்டுபோய் முள்ளை 30 டிகிரி போல இழுத்துவிட்டு, ஸ்குரூடிரைவரை இரண்டு மீட்டராவது தள்ளி எடுத்துவிடுங்கள். முள் பழைய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். வலப்பக்கம் இழுத்து விட்டபோதும் இடப்பக்கம் இழுத்து விட்டபோதும் ஒரே எண் வந்தால் முள் நலம். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முள் எங்கோ உரசுகிறது. அந்தக் காம்பஸை வைத்துக்கொண்டு கீழே உள்ள எதையும் சோதித்துப் பயனில்லை.

மாடியில் இரண்டடி நகர்ந்தால் வடக்கும் நகர்கிறது

அதிகம் வருகிற கோளாறு இதுதான். காரணம் காலுக்குக் கீழே இருக்கிறது. கான்கிரீட் தளத்தில் ஓர் அங்குல ஆழத்திலேயே கம்பி வலை ஓடுகிறது. காம்பஸைத் தரையில் வைத்தால் 10, 20 டிகிரிகூடப் பிசகலாம். பீமுக்கு மேலே வைத்தால் இன்னும் மோசம். மேல்மாடி கட்டும் எண்ணத்தில் தூண் முனையில் நீட்டி விட்டிருக்கும் கம்பிகள், பிளாஸ்டிக் தொட்டிக்கு அடியில் இருக்கும் இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டு, படிக்கட்டு அறையின் தகரக் கதவு, துணி காயப்போடும் இரும்புக் குழாய், சோலார் தகட்டுச் சட்டம் எல்லாமே கூட்டுக் களவாணிகள்.

காம்பஸை நெஞ்சு உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டருக்கு உயர்த்திப் பிடித்தாலே தளக் கம்பியின் தொல்லை பெரும்பாலும் அடங்கும். மிச்சம் இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. மூன்று கிலோமீட்டராவது தள்ளியிருக்கும் ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள். குன்றின்மேல் கோயில், செல்போன் கோபுரம், காற்றாலைத் தூண், எது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதோ அது. மாடியில் இரண்டு இரண்டு மீட்டர் தள்ளி நாலைந்து இடங்களில் நின்று அதன் திசைக்கோணத்தை எடுங்கள். அவ்வளவு தூரத்தில் இருப்பதற்கு, நீங்கள் சில மீட்டர் நகர்வதால் கோணம் மாறாது. நாலு இடத்தில் 312, 313, 312, 312 என்று வந்து ஐந்தாவது இடத்தில் 305 வந்தால் அந்த ஐந்தாவது இடம்தான் திருடன். சாக்பீஸால் அங்கே ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுங்கள்.

நாலு இடமும் ஒத்துப்போனாலும், எல்லாம் சேர்ந்தே பிசகியிருக்க வாய்ப்பு உண்டு. அதைப் பிடிக்க, செல்போன் வரைபடத்தில் உங்கள் வீட்டையும் அந்த அடையாளத்தையும் கோட்டால் இணைத்து உண்மைத் திசைக்கோணத்தைப் பாருங்கள். மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு 50 மீட்டர் தவறாகக் குறித்தாலும் ஒரு டிகிரிதான் மாறும் என்பதால் இந்தக் கணக்கை நம்பலாம். காம்பஸ் எண் இதைவிட 2 டிகிரி வாக்கில் கூடுதலாக இருந்தால் சரி. ஏன் கூடுதல் என்பது பின்னால் வருகிறது.

மாடி முழுக்கவே ஒத்துவராவிட்டால் வாசலுக்கோ களத்துக்கோ இறங்குவது நல்லது. அங்கேயும் ஆழ்குழாய்க் கிணற்றின் இரும்புக் கேசிங், டிராக்டர், கார் ஆகியவற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளியிருங்கள். உயரழுத்த மின்பாதைக்கு 55 மீட்டர், முள்கம்பி வேலிக்கு 10 மீட்டர், வண்டிக்கு 18 மீட்டர் என்று ராணுவக் கையேடுகள் வரம்பு சொல்கின்றன. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலி இன்னும் உயிரோடு இருக்கிற இடம் கிடைத்தால் விடாதீர்கள். இரும்பே இல்லாத, நாலாபுறமும் வானம் திறந்த மேய்ச்சல் நிலம் அது. கிளுவையைப் பிடுங்கிக் கல்தூணும் முள்கம்பியும் கட்டிவிட்ட காட்டில் நடுவே போய் நில்லுங்கள்.

பாறையும் ஏமாற்றும். சேலத்துக் கஞ்சமலையில் மேக்னடைட் எனும் இரும்புத் தாது பாறையிலேயே கலந்து கிடக்கிறது. அதுபோன்ற கரட்டின்மேல் நின்று எடுத்த எண்ணை, சமதரைக்கு இறங்கி ஒருமுறை சரிபார்க்காமல் நம்ப வேண்டாம்.

ஆள் மாறினால் எண்ணும் மாறுகிறது

ஒரே இடம், ஒரே காம்பஸ், இருவர் பார்த்தால் இரண்டு எண் வருகிறதா? உடம்பில் இருக்கும் இரும்பைத் தேடுங்கள். பெல்ட் பக்கிள், சாவிக்கொத்து, சட்டைப் பையில் செல்போன், காந்தப் பூட்டு வைத்த பர்ஸ். கண்ணருகே பிடித்துப் பார்க்கும் லென்ஸ் வைத்த காம்பஸ் என்றால் மூக்குக் கண்ணாடிச் சட்டமும் நெற்றி விளக்கும் சேர்ந்துகொள்ளும். நெற்றி விளக்குக்குள் இருக்கும் பேட்டரியின் உறை எஃகு. முள்ளுக்கு ஒரு சாண் தூரத்தில் அதைக் கட்டிக்கொண்டு பார்த்தால் முள் என்ன செய்யும்? வெள்ளி அரைஞாண், தங்கச் சங்கிலியால் ஒன்றும் ஆகாது.

எந்தச் சாமான் எவ்வளவு தூரம் வரை இழுக்கிறது என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம். காம்பஸை மேசையில் வைத்து, அந்தச் சாமானைக் கிழக்குப் பக்கமிருந்து மெதுவாக அருகே கொண்டுவாருங்கள். முள் ஒரு டிகிரி அசையும் தூரத்தை அளந்து அதன் இரண்டு மடங்கை வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். மேசை மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும்.

முள்ளின் வாலடி தொங்கி, அடியில் உரசுகிறது

வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த காம்பஸில் அடிக்கடி பார்க்கலாம். ஐரோப்பாவில் பூமியின் காந்தப்புலம் மிகவும் சரிவாகத் தரைக்குள் பாய்கிறது. அதனால் முள்ளின் வடமுனை கீழே சாயும். அதைச் சமப்படுத்தத் தென்முனையில் கொஞ்சம் எடை கூட்டி அனுப்புகிறார்கள். நம் பக்கத்தில் இந்தக் காந்தச் சரிவு சில டிகிரிதான். காந்த நடுக்கோடு, அதாவது சரிவே இல்லாத கோடு, தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டியே போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைக்க அந்தக் கோட்டின் அருகாமையே காரணம். ஆகவே இங்கே வடமுனையைக் கீழே இழுக்க ஆளில்லை. கூட்டி வைத்த எடை மட்டும் தென்முனையைத் தொங்க விடுகிறது.

தற்காலிகமாக, முள் தட்டுக்கு இணையாக மிதக்கும் வரை காம்பஸைச் சற்றே சாய்த்துப் பிடித்துப் படிக்கலாம். ஆனால் சாய்வு எண்ணில் பிழை சேர்க்கும். புதிதாக வாங்குவதாக இருந்தால் இந்தியப் பகுதிக்குச் சமன் செய்ததா, உலகளாவிய முள் உள்ளதா என்று கேட்டு வாங்குவதே நிரந்தரத் தீர்வு. நமக்கு ஓர் அனுகூலமும் உண்டு. இங்கே புலம் ஏறக்குறைய முழுவதும் கிடைமட்டமாக இருப்பதால் முள்ளைத் திருப்பும் விசை ஐரோப்பாவில் இருப்பதைவிட அதிகம். நல்ல முள் இங்கே சுறுசுறுப்பாகவே நிற்கும்.

சரியாக எதிர்த் திசை காட்டுகிறது

முதலில் டார்ச்சைச் சந்தேகப்படுங்கள். இருட்டுக்குப் பழகிய கண் கெடாமல் இருக்கச் சிவப்பு விளக்கில் பார்க்கிறோம். சிவப்பு வெளிச்சத்தில் முள்ளின் சிவப்பு முனையும் வெள்ளை முனையும் ஒரே மாதிரி தெரியும். எது வடக்கு என்று ஊகித்தால் பாதி வாய்ப்பு தவறு. வடமுனையில் இரவில் ஒளிரும் புள்ளி இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் முள்ளின் வடிவத்தைப் பகலிலேயே கவனித்து, எந்த முனை கூர்மை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பகலிலும் எதிராகக் காட்டினால் முள் தலைகீழாகக் காந்தமேறிவிட்டது. ஸ்பீக்கர் அருகிலோ காந்தம் வைத்த செல்போன் தாங்கியோடோ ஒரே பையில் கிடந்தால் இப்படி ஆகும். சரிசெய்ய ஒரு வலுவான சட்டக் காந்தம் வேண்டும். அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெற்கே திரும்பும் முனையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தென்முனையைக் குப்பியின் (முள் மிதக்கும் திரவக் கூடு) மேல், முள்ளின் நடுவிலிருந்து சிவப்பு முனை நோக்கி இழுத்துக்கொண்டே போய் அப்படியே மேலே எடுத்துவிடுங்கள். திரும்பவும் நடுவிலிருந்தே தொடங்க வேண்டும், பின்னோக்கித் தேய்க்கக் கூடாது. சில தடவை செய்தால் திரும்பிவிடும். பிறகு ஸ்குரூடிரைவர் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

எப்போதும் ஒரே பக்கமாக 3, 4 டிகிரி பிசகு

ஒதுக்கத்தைத் தலைகீழாகக் கழித்தால் இப்படி வரும். 2 டிகிரி திருத்தத்தை எதிர்ப்பக்கம் போட்டால் பிழை இரட்டிப்பாகும். இங்கே காந்த வடக்கு உண்மை வடக்குக்கு மேற்கே இருக்கிறது. ஆகவே உண்மைத் திசையைவிடக் காம்பஸ் எண் கூடுதலாக இருக்கும். உண்மை வடக்கைப் பார்க்கக் காம்பஸில் 2ஐக் காணுங்கள். நட்சத்திர ஆப் 90 என்று சொன்னால் காம்பஸில் 92. ஒதுக்கம் திருப்பி வைக்கும் திருகு உள்ள காம்பஸைப் பழையதாக வாங்கினால், முன்பு வைத்திருந்தவர் வேறு நாட்டு ஒதுக்கத்தை வைத்திருக்கக்கூடும். 10, 15 டிகிரி நிலையான பிசகு வந்தால் அந்தத் திருகைப் பாருங்கள்.

வீட்டுச் சுவரை வைத்துச் சரிபார்க்காதீர்கள். ‘கிழக்குப் பார்த்த வீடு’ என்பது மனைப்பத்திரத்துக்கும் வாஸ்துவுக்கும் போதும். தெருவுக்கு இணையாகக் கட்டிய சுவர் உண்மைக் கிழக்கிலிருந்து பல டிகிரி விலகியிருப்பது சாதாரணம்.

நண்பகல் நிழலோடு ஒத்துப்போகவில்லை

காம்பஸைச் சூரியனோடு ஒப்பிடுவது நல்ல வழக்கம். ஆனால் நிழலைச் சரியாகப் பிடிக்கத் தெரிய வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டை ஒரு மர முக்காலியில் தொங்கவிடுங்கள். நூலின் நிழல் தரையில் ஒரு கோடாக விழும். சூரியன் உச்சிக்கோட்டை (தலைக்கு மேலாக வடக்குத் தெற்காகப் போகும் கற்பனைக் கோடு) கடக்கும் நொடியில் அந்தக் கோடு வடக்குத் தெற்கு.

அந்த நேரம் 12 மணி அல்ல. நம் கடிகாரம் 82.5 டிகிரிக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம், டிகிரிக்கு 4 நிமிடம் தாமதம். கோவையிலும் பொள்ளாச்சியிலும் சராசரியாக 12:22, திருப்பூரில் 12:21, காங்கேயத்திலும் தாராபுரத்திலும் 12:20, ஈரோட்டில் 12:19, கரூரில் 12:18. இது ஏப்ரல் நடு, ஜூன் நடு, செப்டம்பர் தொடக்கம், டிசம்பர் கடைசி ஆகிய நாட்களில் அப்படியே பொருந்தும். பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் கூட்டுங்கள். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் கழியுங்கள். அதாவது கோவையில் பிப்ரவரியில் 12:36, நவம்பரில் 12:06. நிழலை 12 மணிக்கே குறித்தால் எப்படி ஒத்துப்போகும்?

அடுத்த பொறி நம் ஊருக்கே உரியது. ஏப்ரல் 19 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும் சூரியன் தலைக்கு நேர் மேலே போகும். அந்த இரு நாட்களுக்கு இடையில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், நண்பகல் நிழல் தெற்கே விழும். ‘மதிய நிழல் வடக்கு காட்டும்’ என்று படித்ததை நம்பி மே மாதம் குறித்தவர் தொலைநோக்கியைத் தலைகீழாக நிறுத்துவார்.

நேரத் துல்லியமும் பருவத்தைப் பொறுத்தது. டிசம்பரில் ஒரு மீட்டர்க் கோலுக்கு 68 சென்டிமீட்டர் நிழல் கிடைக்கும். 5 நிமிடம் தவறினால் 2 டிகிரிதான் பிசகும். ஜூனில் நிழலே 22 சென்டிமீட்டர், ஒவ்வொரு நிமிடத் தவறுக்கும் ஒரு டிகிரி போய்விடும். உச்சி நாட்களை ஒட்டிய இரண்டு வாரமும் இந்தச் சோதனையைத் தொடவே வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரிக்குள், மழை விட்ட ஒரு நாளில் ஒரே தடவை ஒழுங்காகச் செய்து, கோட்டை வெள்ளை பெயிண்டால் மாடியில் வரைந்துவிட்டால் வீட்டு மாடிக்குக் காம்பஸே தேவைப்படாது. வெளியூர்த் தோட்டத்துக்குப் போகும்போது எடுத்துக்கொண்டால் போதும்.

தொலைநோக்கிமேல் வைத்ததும் முள் சுற்றுகிறது

தகரக் குழாய், எதிர் எடை, மோட்டார், எஃகுத் திருகு எல்லாம் அங்கே இருக்கின்றன. அலுமினியக் கால் என்றாலும் கீல் திருகு இரும்புதான். காம்பஸைக் கருவிமேல் வைக்கவே வேண்டாம். இரண்டு மூன்று மீட்டர் தெற்கே தள்ளி நின்று, கருவியின் அச்சுக்கு மேலாகக் காம்பஸில் 2 டிகிரி திசையில் தூரத்து அடையாளம் ஒன்றைப் பிடியுங்கள். பின்பு அந்த அடையாளத்தை நோக்கி அச்சைத் திருப்புங்கள்.

செல்போன் ஆப்பில் வியாழன் ஒரு பக்கம், வானத்தில் இன்னொரு பக்கம்

காந்த மூடியுள்ள உறையைக் கழற்றிவிட்டு, போனை எட்டு வடிவில் சுழற்றுங்கள். காந்தப்புல அளவைக் காட்டும் ஆப் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இயல்பான அளவு 40 மைக்ரோடெஸ்லாவைச் சுற்றி இருக்கும். 60 காட்டினாலோ 25 காட்டினாலோ அருகே இரும்போ காந்தமோ இருக்கிறது, ஆப்பில் தவறில்லை. போன் ‘உண்மை வடக்கு’ அமைப்பில் இருந்தால் 2 டிகிரியை நீங்கள் மறுபடி கூட்டக் கூடாது.

திசை சரி, பொருளைக் காணோம்

காம்பஸ் திசையை மட்டும் சொல்லும், உயரத்தைச் சொல்லாது. 2024 அக்டோபரில் சுசின்ஷான் அட்லஸ் வால்மீன் மாலையில் மேற்கே தாழ்வாக நின்றபோது, கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு மலை குறுக்கே நின்றது. பகலிலேயே கண்ணாடி வைத்த காம்பஸின் சாய்வுமானியால் மேற்குத் தொடுவானத்தை அளந்து, 260, 270, 280 டிகிரிகளில் மலை எத்தனை டிகிரி உயரம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்க் கோளாறு தலைக்குமேல் வரும். மக நட்சத்திரம் நம் உச்சியிலிருந்து ஒரே டிகிரி தள்ளிப் போகிறது, திருவோணம் இரண்டு டிகிரி. உச்சியருகே போகும்போது அவற்றின் திசைக்கோணம் சில நிமிடங்களில் கிழக்கிலிருந்து மேற்குக்கு மாறிவிடும். 60 டிகிரிக்கு மேலே இருக்கும் எதையும் காம்பஸால் தேடாதீர்கள்.

இரவில் சரிபார்க்க எளிய ஆள் ஓரியன் எனும் வேட்டைக்காரன் விண்மீன் கூட்டம். இடைவாரின் மேற்கு முனையில் உள்ள மிண்டாகா, வானநடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் போகும் கோடு) ஒட்டியே இருப்பதால் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். காம்பஸ் 92, 272 காட்ட வேண்டும். தெற்குக்கு அகத்தியர் நட்சத்திரம் (கனோபஸ்) உண்டு. பிப்ரவரி இரண்டாம் வாரம் கோவையில் இரவு 9:20 வாக்கில் அது நேர் தெற்கில் 26 டிகிரி உயரத்தில் நிற்கும். மே நடுவில் அதே நேரத்துக்குத் தெற்குச் சிலுவை நிமிர்ந்து நிற்கும்.

அச்சை வடக்குக்கு வைத்தும் நட்சத்திரம் நழுவுகிறது

முதலில் அச்சின் உயரத்தைப் பாருங்கள், அது ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். பல ஈக்வடோரியல் தாங்கிகள் (துருவத்தை நோக்கிய அச்சில் சுழல்பவை) 11 டிகிரி வரை தாழாது. வடக்குப் பக்கக் காலைக் குறைத்து மொத்தத்தையும் வடக்கே சாய்த்தால் மிச்ச டிகிரி கிடைக்கும். எதிர் எடைத் தண்டு காலில் இடிக்கிறதா என்றும், சாய்ந்த கருவி கவிழாமல் நிற்கிறதா என்றும் பார்த்துவிட்டே கையை எடுங்கள்.

உயரம் சரியாக இருந்து, காம்பஸால் திசையில் 3 டிகிரி பிசகியிருந்தால் நட்சத்திரம் நிமிடத்துக்கு முக்கால் ஆர்க்நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஓர் ஆர்க்நிமிடம்) போல நழுவும். ஒரு டிகிரிப் பார்வைப் புலத்தில் நடுவிலிருந்து விளிம்புக்குப் போக அரைமணிக்கு மேல் ஆகும். கண்ணால் பார்ப்பவருக்கு இது போதும். படம் எடுப்பவருக்குப் போதாது. அவர்கள் வானநடுக்கோட்டருகே, உச்சிக்கோட்டை ஒட்டிய ஒரு நட்சத்திரத்தைப் பெரிய உருப்பெருக்கத்தில் வைத்துக் கவனிக்க வேண்டும். தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. கண்ணருகு வில்லையில் எது தெற்கு என்று குழம்பினால் குழாயை வடக்கே லேசாகத் தள்ளுங்கள். நட்சத்திரம் எந்த விளிம்பை நோக்கிப் போகிறதோ அது தெற்கு. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் இரவுகளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். குழாய் ஆடுவதையும் நட்சத்திரம் நழுவுவதையும் பிரித்தறிய முடியாது.

குப்பிக்குள் குமிழி

ஊட்டிக்கோ கோத்தகிரிக்கோ ஏறும்போது வந்து, இறங்கியதும் மறைந்தால் விட்டுவிடுங்கள். காற்றழுத்தம் குறைந்ததால் வந்தது. சமவெளியிலும் நின்று, வாரா வாரம் பெருத்துக்கொண்டே போனால் திரவம் கசிகிறது. முள்ளைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் காம்பஸை விட்டு வைப்பதால்தான் பெரும்பாலும் இது தொடங்குகிறது.